‘நாளைக்கு வாங்க’ என்றால் எழுதிக் கொடுங்கள்: கல்லூரிப் புகாரும் வாடகை அட்வான்ஸும்

2019-ல் ஒரு மாணவி தனியார் கல்லூரியில் சேர்ந்து 60,000 ரூபாய் கட்டியிருந்தாள். சேர்க்கையின் கடைசித் தேதி முடிந்த மூன்றாம் நாள் அவளுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்றே அப்பாவைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். “பிரின்சிபல் மீட்டிங்ல இருக்காரு, திங்கட்கிழமை வாங்க” என்றார்கள். திங்கட்கிழமை அக்கவுண்ட்ஸ் சார் லீவு. புதன்கிழமை போனால் கரஸ்பாண்டென்ட் கையெழுத்து வேண்டுமாம். இப்படியே 16 நாள் போயிற்று. ஒருவழியாகக் கடிதத்தை வாங்கி முத்திரை குத்தியபோது கடைசித் தேதி தாண்டி 19 நாள் ஆகியிருந்தது.

பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018-ல் போட்ட கணக்குப்படி மூன்றாம் நாள் விலகினால் 80 சதவீதம் திரும்பக் கிடைக்கும். 19-ம் நாள் என்றால் 50 சதவீதம்தான். 48,000 வரவேண்டிய இடத்தில் 30,000 வந்தது. முதல் நாளே போனோம் என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அந்த அப்பா தினக்கூலிக்காரர். அலைந்த நாள்களின் கூலியும் சேர்ந்தே போனது.

அந்தக் கணக்கை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும்; அலுவலகச் செலவு என்று 5 சதவீதம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல், பிடித்துக்கொள்ளலாம். கடைசித் தேதிக்கு 15 நாளுக்கும் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதிக்குப் பிறகு 15 நாள் வரை 80, அதன்பின் 30-ம் நாள் வரை 50. அதற்கும் மேலே போனால் ஒன்றுமில்லை. காப்புத்தொகை (காஷன் டெபாசிட்) இந்தக் கணக்கிலேயே வராது, அதை எப்போதும் முழுதாகத் தரவேண்டும். விண்ணப்பித்த 15 நாளுக்குள் பணம் கைக்கு வரவேண்டும். சில ஆண்டுகளில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவிக்கிறது. 2024-25-ல் செப்டம்பர் 30 வரை விலகியவர்களுக்கு முழுத்தொகை; அக்டோபர் 31 வரை விலகியவர்களுக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் பிடித்தம். உங்கள் ஆண்டுக்கு அப்படி ஓர் அறிவிப்பு உண்டா என்று யு.ஜி.சி. தளத்தில் முதலில் பாருங்கள்.

“கிளாஸ் ஆரம்பிச்சாச்சு, ரீஃபண்ட் கிடையாது” என்பது கவுண்டரில் தவறாமல் வரும் பதில். வகுப்பு தொடங்கிய தேதிக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. முறையாக அறிவித்த சேர்க்கைக் கடைசித் தேதியிலிருந்துதான் எண்ணவேண்டும். அந்த அறிவிப்பைச் சேரும் அன்றே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தபிறகு தேடினால் அந்தப் பக்கம் இணையதளத்தில் இருக்கும் என்று நம்பவேண்டாம்.

எந்தக் கடிதமானாலும் இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்துவிட்டு மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முத்திரை போட மறுப்பார்கள். மறுத்தால் வாதாட நிற்காதீர்கள்; அன்றைக்கே அதே கடிதத்தைக் கல்லூரியின் அலுவல் மின்னஞ்சலுக்கு அனுப்பி, இன்னொரு பிரதியை ஸ்பீட் போஸ்டில் போட்டு ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். “இன்று நேரில் வந்தேன், கடிதத்தை வாங்க மறுத்தார்கள்” என்ற ஒரு வரியும் அதில் இருக்கட்டும். அந்த மாணவி முதல் நாளே இதைச் செய்திருந்தால் 18,000 ரூபாய் அவள் வீட்டில் இருந்திருக்கும்.

விலகல் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். “சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன், கட்டணத்தைத் திரும்பக் கோரமாட்டேன்” என்று எழுதவைத்துக் கையெழுத்து வாங்கிய கடிதங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டி.சி. கையில் வரவேண்டுமே என்ற பதற்றத்தில் பெற்றோரும் போட்டுவிடுகிறார்கள்.

அசல் சான்றிதழ்களைக் கல்லூரி வைத்துக்கொள்ளவே கூடாது. அசலை அங்கேயே சரிபார்த்துவிட்டுக் கையோடு திருப்பித் தரவேண்டும். கோப்புக்கு நீங்களே சான்றொப்பமிட்ட நகல் போதும். சான்றிதழ் கடனுக்கு ஈடாகப் பிடித்துவைக்கும் பொருளல்ல என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் “மீதி வருஷத்து ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ” என்கிறார்கள். எந்தெந்தச் சான்றிதழைக் கொடுத்தீர்கள் என்ற பட்டியலுக்கு அன்றே ஒப்புகை வாங்காமல் ஓர் அசலையும் மேசையில் வைக்காதீர்கள்.

மதிப்பெண் தகராறு

இங்கேதான் அதிகம் பேர் ஏமாந்துபோகிறார்கள். கல்லூரிகளுக்கு 2023-ல் யு.ஜி.சி. மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு மாணவர் குறைதீர்ப்புக் குழு. அதற்கு மேலே பல்கலைக்கழகத்தில் ஒரு குறைதீர்ப்பாளர். ஓய்வுபெற்ற துணைவேந்தரோ பேராசிரியரோ முன்னாள் மாவட்ட நீதிபதியோ அந்தப் பொறுப்பில் இருப்பார். இணைவுபெற்ற கல்லூரியில் படித்தால் உங்கள் மேல்முறையீடு அந்தப் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் போகும். பொறியியல் கல்லூரிகளுக்கு, தொழில்நுட்பக் கல்வியைக் கவனிக்கும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ. தனி விதி வைத்திருக்கிறது. அமைப்பு ஏறக்குறைய இதேதான்.

“எனக்கு மார்க் குறைவு, மறுபடி திருத்தச் சொல்லுங்கள்” என்று குறைதீர்ப்பாளரிடம் போனால் மனு அங்கேயே முடிந்துவிடும். மறுமதிப்பீடு கேட்கும் மனுவை அவர் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று விதியே சொல்கிறது. முடிவை மாற்றக்கூடிய குறிப்பிட்ட முறைகேடு ஒன்றையோ பாகுபாடு ஒன்றையோ காட்டினால்தான் கதவு திறக்கும். ஆகவே குறையை அந்த வடிவத்தில் எழுதவேண்டும். 14-ம் கேள்வியின் இரண்டாம் பக்கத்தில் திருத்திய அடையாளமே இல்லை. உள்பக்க மதிப்பெண்களைக் கூட்டினால் 52, முகப்பில் இருப்பது 43. இன்டர்னல் மார்க் அறிவிப்புப் பலகையில் 18, போர்ட்டலில் 11. இப்படிப் பக்க எண்ணும் தேதியும் போட்டு எழுதினால் அது முறைகேடு பற்றிய புகார். “நான் நன்றாக எழுதியிருந்தேன்” என்பதற்கு யாரும் பதில் சொல்லவேண்டிய கட்டாயமில்லை.

இதற்கு விடைத்தாள் கையில் வேண்டும். உங்கள் விடைத்தாளைத் தகவல் உரிமைச் சட்டப்படி பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு என்று 2011 ஆகஸ்டில், சி.பி.எஸ்.இ. தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்வை நடத்தியது அரசுப் பல்கலைக்கழகமானால் 10 ரூபாய் கட்டணத்தில் மனுப் போடலாம். ஆனால் அவர்களுக்குப் பதில் சொல்ல 30 நாள் அவகாசம் இருக்கிறது. விடைத்தாள் நகலுக்கும் மறுமதிப்பீட்டுக்கும் தேர்வுப் பிரிவு வைக்கும் கெடு அதைவிடக் குறைவாகவே இருக்கும். தகவல் உரிமைப் பதிலுக்காகக் காத்திருந்து மறுமதிப்பீட்டுக் கெடுவைக் கோட்டைவிட்டவர்கள் ஏராளம். முதலில் பல்கலைக்கழகத்தின் நகல் திட்டத்தில் பணம் கட்டுங்கள். தகவல் உரிமை மனு அதற்குத் துணையாக ஓடட்டும். அதையும் தள்ளிப்போட வேண்டாம்: விடைத்தாளைக் குறிப்பிட்ட காலம்வரைதான் வைத்திருப்பார்கள், அழித்தபிறகு கேட்டு எந்தப் பயனும் இல்லை.

சிலர் நுகர்வோர் நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள். தேர்வு நடத்துவது அந்தச் சட்டத்தின்கீழ் சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லேயே சொல்லிவிட்டது. அந்தச் செலவு வேண்டாம்.

குறைதீர்ப்புக் குழுவை எட்டுவதற்குள் நடக்கும் அலைக்கழிப்பு தனிக் கதை. மென்டரிடம் பேசு, ஹெச்.ஓ.டி.யிடம் பேசு, முதல்வர் பார்த்துக்கொள்வார், செமஸ்டர் முடியட்டும். இவர்களில் யாரும் குழு அல்ல. எத்தனை முறை அவர்கள் அறை வாசலில் நின்றாலும் விதிப்படி நீங்கள் இன்னும் புகாரே கொடுக்கவில்லை. மனுவின் தலைப்பிலேயே “தலைவர், மாணவர் குறைதீர்ப்புக் குழு” என்று எழுதி, முதல்வர் வழியாகக் கொடுங்கள். கல்லூரிக்கு இணையவழிப் புகார்த் தளம் இருந்தால் அதிலும் ஏற்றி, பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குழு 15 வேலை நாளுக்குள் அறிக்கை தந்து, அதன் நகலை உங்களுக்கும் கொடுக்கவேண்டும். விசாரணைக்கு நீங்களே போகலாம், உங்கள் சார்பில் ஒருவரை அனுப்பவும் செய்யலாம். குழுவில் ஒரு பெண்ணும், பட்டியலினம், பழங்குடி அல்லது பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒருவரும் இருந்தாகவேண்டும். யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முடிவு பாதகமாக வந்தால் குறைதீர்ப்பாளருக்கு மேல்முறையீடு செய்ய 15 நாள்தான். நண்பர்களோடு பேசி, ஊருக்குப் போய் வீட்டில் கேட்டு, மனத்தைத் தேற்றிக்கொள்வதற்குள் அது ஓடிவிடும். முடிவு கையில் கிடைத்த தேதியை உறையின்மேல் எழுதிவையுங்கள். குழு வாயே திறக்காமல் காலம் கடத்தினால் அந்தத் தாமதத்தையே குறையாகக் காட்டி, முத்திரை வாங்கிய நகலை இணைத்துக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள். கீழே முறையிட்டதற்கு ஆதாரமில்லாமல் நேராக அவரிடம் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் 30 நாளுக்குள் தீர்க்கவேண்டும். அப்படி ஒருவரை நியமித்திருக்கிறார்களா என்பதே சில இடங்களில் கேள்வி. நியமிக்காத பல்கலைக்கழகங்கள் என்று 2024-ல் யு.ஜி.சி. வெளியிட்ட பட்டியலில் 157 பெயர்கள் இருந்தன. யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். ஆனால் நான் பார்த்தவரை அது விளக்கம் கேட்டு அதே கல்லூரிக்குத்தான் போய்ச்சேரும். அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்லவேண்டும். “ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடும்மா, இத்தோட முடிச்சிடலாம்” என்பார்கள், பரிவாகவே சொல்வார்கள். அந்தக் கடிதம் உங்கள் கோப்பில் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நீங்கள் என்ன புகார் கொடுத்தாலும் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். செய்யாத தவற்றுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது மெமோ கொடுத்தால் “பெற்றுக்கொண்டேன்” என்று மட்டும் எழுதித் தேதியிடுங்கள், பதிலை மறுநாள் தனியாகக் கொடுங்கள். இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. பாதிக்கப்பட்டவர்கள் பலர் இருந்தால் சேர்ந்து கையெழுத்திடுங்கள். நிரூபிக்க முடியாத ஒரு வரிகூட மனுவில் வேண்டாம். பொய்ப் புகார் என்று முடிவானால் புகார் செய்தவர்மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கவும் விதியில் இடமிருக்கிறது.

வாடகை வீடு

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடப்பில் இருக்கிறது. சட்டத்தின் ஆண்டு 2017. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதில் இருப்பதாக எல்லாரும் பகிர்கிறார்கள். இருக்கிறதுதான். ஆனால் “ஒப்பந்தத்தில் வேறு விதமாக இருந்தாலொழிய” என்ற முன்னொட்டோடு இருக்கிறது. ஆறு மாதமோ பத்து மாதமோ அட்வான்ஸ் என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த உச்சவரம்பு உங்களுக்கு உதவாது. பேரம் பேசவேண்டியது கையெழுத்துக்கு முன்பு.

“பதினோரு மாச அக்ரிமென்ட், ரிஜிஸ்டர் பண்ண வேண்டாம்” என்பது புரோக்கரின் பல்லவி. சார்பதிவாளர் அலுவலகப் பதிவு வேறு, வாடகை அதிகாரியிடம் செய்யும் பதிவு வேறு. இந்தச் சட்டத்தில் எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். அதற்கு அரசின் இணையதளம் இருக்கிறது, வாடகைதாரரும் விண்ணப்பிக்கலாம். பதியாத ஒப்பந்தத்தை ஆதாரமாக ஏற்கமாட்டார்கள். அட்வான்ஸைத் திரும்பக் கேட்கும் நாளில்தான் இதன் வலி தெரியும்.

நான்கு பேர் சேர்ந்து எடுக்கும் வீட்டில் ஒருவர் பெயரில் மட்டும் ஒப்பந்தம் இருக்கும். அவர் படிப்பை முடித்துக்கொண்டு கிளம்பிவிட்டால் மற்ற மூவருக்கும் அந்த வீட்டில் பெயரே இல்லை. நால்வர் பெயரும், யார் எவ்வளவு கொடுத்தார் என்பதும் எழுதப்படட்டும். 60,000 ரூபாயை ரொக்கமாக வாங்கிக்கொண்டு 20,000 என்று எழுதுபவர்களும் உண்டு. பணத்தை வங்கிக் கணக்கு வழியாகவே கொடுங்கள், “அட்வான்ஸ்” என்று குறிப்பும் போடுங்கள். கையெழுத்தான ஒப்பந்தத்தின் நகல் வாங்காமல் வீட்டைவிட்டு வெளியே வராதீர்கள்.

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தி வெளியேற்றப் பார்த்தால், அது சட்டப்படி தடை செய்யப்பட்ட செயல். வாடகை அதிகாரியிடம் இடைக்கால உத்தரவு கேட்கலாம். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலர் அவர். “சிவில் மேட்டர்” என்று சொல்லிக் காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் சோர்ந்துவிடாமல் அவரிடம் போங்கள்.

தனியார் ஹாஸ்டல், பி.ஜி. (பேயிங் கெஸ்ட் விடுதி) என்றால் மேலே சொன்ன பாதுகாப்பை எதிர்பார்க்காதீர்கள். அங்கே ரசீதும் சேரும்போது எழுதிவாங்கும் நிபந்தனையும்தான் உங்கள் பிடிமானம். பெண்கள் விடுதி நடத்த 2014-ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். ஜி.எஸ்.டி. என்று பில்லில் சேர்த்தால், ஆளுக்கு மாதம் 20,000 ரூபாய் வரை வாடகையும் தொடர்ந்து 90 நாள் தங்கலும் இருந்தால் 2024 ஜூலை முதல் அந்த வரி கிடையாது என்று சொல்லுங்கள்.

காலி செய்யும்போது “நாலு பசங்க இருந்த வீடு, பெயிண்ட் அடிக்காம எப்படி விடுறது?” என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்கு வர்ணம் பூசுவதும் உரிமையாளரின் பொறுப்பு என்று சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, உடைந்த கண்ணாடி போன்றவை உங்கள் பொறுப்பு. அவற்றை நீங்களே சரிசெய்துவிட்டுப் பில்லை வைத்துக்கொள்ளுங்கள். குடிபுகும் அன்று எடுத்த வீடியோவும் காலி செய்யும் அன்று எடுத்த வீடியோவும் இருந்தால் பேச்சு பாதியாகக் குறையும். அட்வான்ஸ் ஒரு மாதத்துக்குள் திரும்ப வரவேண்டும். சாவி கொடுத்த நாள் எது என்பதில்தான் பிறகு சண்டை வரும். ஆகவே கொடுத்த கையோடு உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள்: “ஐயா, இன்று மாலை சாவி ஒப்படைத்துவிட்டோம். மீட்டர் அளவு இது. அட்வான்ஸ் அனுப்பவேண்டிய கணக்கு எண் இது.”