14 கிலோவில் ஒரு கேனோ

மரம் வளராத ஆர்க்டிக் கரையில், கடல் ஒதுக்கிய கட்டைகளைச் சட்டமாகக் கட்டி அதன்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திக் கயாக் என்ற ஒடுங்கிய துடுப்புப் படகைச் செய்தார்கள் இனுயிட் மக்கள். ஒகேனக்கல் பரிசலும் அதே இனம்தான். வீட்டில் கட்டும் கேனோ என்ற மேல் திறந்த துடுப்புப் படகில் தோலுக்குப் பதில் பாலியஸ்டர் துணி.

4.2 மீட்டர் நீளப் படகுக்கு 12 மி.மீ. ப்ளைவுட்டில் ஐந்து குறுக்குச் சட்டங்கள், முனையிலிருந்து முனைவரை நீளவாக்கில் ஓடும் 18 மி.மீ. சதுர ரீப்பர்கள் பதினொன்று. ரீப்பர் மரத்தில்தான் எடை நிர்ணயமாகிறது. கனமீட்டருக்கு 400 கிலோ உள்ள மென்மரம் என்றால் பதினொன்றும் சேர்ந்து 6 கிலோ. தேக்கு என்றால் கிட்டத்தட்ட 10. கண் (மரக் கணு) விழுந்த ரீப்பரை ஒதுக்கிவிடுங்கள், வளைக்கும்போது அந்த இடத்தில்தான் ஒடியும். நீளம் போதாவிட்டால் இரு முனைகளையும் 15 செ.மீ. சாய்வாகச் சீவி எப்பாக்ஸிப் பசையால் ஒட்டலாம்.

ரீப்பரைச் சட்டத்தோடு இணைக்க ஆணி வேண்டாம். அலையில் படகு முறுகும்போது மொத்த விசையும் ஆணித்துளையில் குவிந்து மரத்தைப் பிளக்கும். மெழுகு பூசிய நைலான் நூலால் இறுக்கிக் கட்டினால் மூட்டு சற்றே அசைந்து கொடுக்கும். ரீப்பர்களுக்கு இடையே சட்டத்தின் விளிம்பை உள்வாங்கலாகக் குடைந்துவிட வேண்டும். துணி ரீப்பரை மட்டுமே தொட வேண்டும். சட்டத்தில் உரசும் இடம்தான் முதலில் தேய்ந்து ஓட்டையாகும்.

நைலான் அடி தாங்கும், ஆனால் ஈரம் உறிஞ்சித் தளரும். பாலியஸ்டர் நீரை அநேகமாக உறிஞ்சாது, சூட்டில் சுருங்கும். அதனால் முதல் படகுக்கு, சதுர மீட்டருக்கு 270 கிராம் எடையுள்ள, சூட்டில் சுருங்கும் பாலியஸ்டரே நல்லது. மேல்விளிம்பில் சுருக்கமில்லாமல் ஒட்டியபின் இஸ்திரிப் பெட்டியை எடுங்கள். முதல் சுற்று 120 டிகிரி செல்சியஸ், அடுத்தது 150, கடைசியாக 175. அதைத் தாண்டினால் துணி இளகிவிடும், போன இறுக்கம் திரும்பாது. இஸ்திரிப் பெட்டியின் திருகு காட்டும் சூட்டை நம்பக் கூடாது, வெப்பமானி வைத்துப் பாருங்கள்.

பல படகுகள் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். ஒரு பக்கத்தை முழுக்கத் தேய்த்து முடித்துவிட்டு மறுபக்கம் போனால், இறுகிய துணி சட்டத்தையே திருகிவிடும். அப்படிப்பட்ட படகு துடுப்பு எப்படிப் போட்டாலும் ஒரு பக்கமாகவே ஓடும். இடமும் வலமுமாக, கை அகலம் கை அகலமாக மாறிமாறித் தேயுங்கள். முன்முனையிலிருந்து பின்முனைக்கு ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடு ரீப்பர் அதிலிருந்து விலகுகிறதா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பார்க்க வேண்டும்.

பிறகு எண்ணெய் பெயின்ட் மூன்று அல்லது நான்கு பூச்சு. முதல் பூச்சு நூலிழைக்குள் இறங்கும்படி அழுத்தித் தேய்க்க வேண்டும். உள்ளே, எடை துணிமேல் விழாதபடி குறுக்குச் சட்டங்களின்மேல் மரப்பலகைத் தளம் போடுங்கள். இரு முனைகளிலும் காற்றுப்பைகளைக் கட்டாமல் தண்ணீரில் இறக்கவே கூடாது. மரச்சட்டம் மிதக்கும் என்றாலும், நீர் நிறைந்த படகில் ஏறி உட்கார முடியாது.