மரபணு நச்சுத்தன்மை: சொல் விளக்கம்

'ஜீனோடாக்சிசிட்டி' என்று அறிவியலார் வழங்கும் சொல்லுக்கு நேரான தமிழ் 'மரபணு நச்சுத்தன்மை'. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வையோ குரோமோசோமையோ சிதைக்கும் இயல்பு என்பது இதன் பொருள். கண்ணெரிச்சலும் இருமலும் தருவதால் மட்டும் ஒரு வண்டிப் புகையை மரபணு நச்சு என்று எழுதிவிடக் கூடாது. அதன் அடி டி.என்.ஏ., குரோமோசோம் என்ற மரபுப் பொருளின் மேல் விழுந்திருக்க வேண்டும்.

இரண்டு கிரேக்க வேர்கள் இதில் சேர்ந்திருக்கின்றன. 'ஜீன்' என்ற பெயரை 1909இல் வைத்தவர் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்லெல்ம் யோகான்சன். அடியில் இருப்பது பிறப்பு, குலம் என்ற பொருளுடைய சொல். 'டாக்சிக்' என்பதன் மூலம் வில்லைக் குறிக்கும் 'டாக்ஸான்'. அம்பின் நுனியில் தடவிய நஞ்சுக்குத்தான் முதலில் அந்தப் பெயர் வழங்கியது.

தமிழ்ச் சொல்லின் வேர்களும் ஆழமானவைதான். மரபும் அணுவும் சேர்ந்து மரபணு. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் கடைசி இயல் மரபியல். பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்ற ஒன்பது இளமைப் பெயர்களோடு அது தொடங்குகிறது. அதே 'மரபியல்' இன்று பெற்றோரிடமிருந்து வரும் பண்புகளை ஆராயும் அறிவியலுக்குப் பெயராக நிற்பது எனக்கு மிகப் பொருத்தமாகப் படுகிறது. 'நச்சு' நஞ்சின் அடைவடிவம். 1008ஆம் குறளில் வள்ளுவர் 'நடுவூருள் நச்சு மரம்' என்கிறார். நெல்லைக்கு நடுவே வண்ணார்பேட்டையிலும் சந்திப்பு ஈரடுக்கு மேம்பாலத்தின் அடியிலும் மாலை நெரிசலின் வண்டிப் புகையில் நிற்பவர்களுக்கு அந்த அடியின் கனம் தெரியும்.

அடிக்கடி குழப்பப்படும் இன்னும் இரண்டு சொற்கள் உண்டு. மரபணுவில் நேரும் மாற்றமான 'மியூட்டேஷன்' பாடநூல்களில் 'சடுதிமாற்றம்' ஆகிறது. 1901இல் நெதர்லாந்தின் தாவரவியலாளர் ஹியூகோ டி விரிஸ் தம் கொள்கையை வெளியிட்டபோது, திடீரெனத் தோன்றும் புதிய பண்பையே அவர் கருதினார். அந்த நோக்கில் 'சடுதி' சரி. ஆனால் புகையால் வரும் கேடு ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாகச் சேர்வது. ஆகவே இந்த இடத்தில் 'மரபணுப் பிறழ்வு' என்று எழுதவே நான் விரும்புவேன். 'புற்றுநோயாக்கி' வேறு. மரபணு நச்சு ஒவ்வொன்றும் புற்றுநோயில் முடிவதில்லை, பல சிதைவுகளைச் செல்லே சரிசெய்துவிடுகிறது. டீசல் எஞ்சின் புகையைப் பொறுத்தவரை ஐயம் தீர்ந்துவிட்டது. 1988இல் 'புற்றுநோய் தரக்கூடும்' என்ற பிரிவில் அதை வைத்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, 2012இல் 'மனிதருக்குப் புற்றுநோய் தரும்' என்ற முதல் பிரிவுக்கு மாற்றியது.

பழைய டீசல் லாரி ஒன்றின் சைலன்சர் வாயை, அது நன்றாக ஆறிய பிறகு, வெள்ளைத் துணியால் துடைத்தால் மை போன்ற கரி ஒட்டிக்கொண்டு வரும். அந்தக் கரித்துகளின் மேற்பரப்பில் பென்சோபைரீன் போன்ற சேர்மங்கள் படிந்திருக்கின்றன. பென்சோபைரீன் தானாக மரபணுவைத் தொடுவதில்லை. உடலின் நொதிகள் அதைக் கரைத்து வெளியேற்ற முயலும்போது வேறொரு வடிவமாகி, டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்றான குவானினோடு ஒட்டிக்கொள்கிறது.

நாம் வண்டிக்கு எடுக்கும் புகைச் சான்றிதழில் இது எதுவும் வராது. பெட்ரோல் வண்டியில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரோகார்பனும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும் பார்க்கப்படுகின்றன. அது எஞ்சினுக்கான சோதனை. அதைப் 'புகைச் சோதனை' என்றும், உயிருக்கு நேரும் கேட்டைப் பார்ப்பதை 'மரபணு நச்சுத்தன்மைச் சோதனை' என்றும் பிரித்து எழுதினால்தான், சான்றிதழ் வாங்கிய வண்டியின் புகை தீங்கற்றது என்ற தவறான நிம்மதி போகும்.

இரண்டாவது சோதனையில் புகழ்பெற்றது, 1970களின் தொடக்கத்தில் கலிபோர்னியாவின் உயிர்வேதியியலாளர் புரூஸ் ஏம்ஸ் வகுத்த முறை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தைத் தானே செய்துகொள்ள முடியாதபடி மரபணு பழுதான சால்மோனெல்லா பாக்டீரியாவை, அந்த அமிலம் ஏறத்தாழ இல்லாத வளர்ப்பு ஊடகத்தில், ஒரு தட்டில் பரப்புகிறார்கள். வடிதாளில் பிடித்த புகைக்கரியின் சாற்றை அதில் சேர்க்கிறார்கள். மீண்டும் பிறழ்ந்து பழுது நீங்கிய பாக்டீரியா மட்டுமே பெருகிப் புள்ளிகளாகத் தெரியும். சாறு சேர்க்காத தட்டைவிடப் புள்ளிகள் தெளிவாகக் கூடினால், சாறு மரபணுவைப் பிறழச் செய்கிறது என்று பொருள். எலியின் கல்லீரல் சாற்றையும் கலந்து பார்ப்பது, பென்சோபைரீனைப் போல உடலுக்குள் போய் நஞ்சாகிறவற்றைப் பிடிப்பதற்காக. டீசல் புகையில் உள்ள நைட்ரோ சேர்மங்களுக்கு அந்த உதவிகூடத் தேவையில்லை.

மனிதரிடம் செய்வது 'நுண்கருச் சோதனை'. செல் பிரியும்போது முறிந்து பின்தங்கிய குரோமோசோம் துண்டு, பெரிய கருவுக்குப் பக்கத்தில் சிறு உருண்டையாக ஒதுங்குகிறது, அதுவே நுண்கரு. கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி எடுத்த செல்களிலேயே இதை எண்ணலாம், ஊசி வேண்டாம். போக்குவரத்துக் காவலர், பஸ் ஓட்டுநர், பெட்ரோல் பங்க் ஊழியர் ஆகியோருக்கு இது ஏற்றது. தனி ஒருவருக்கு நோய் வருமா என்று இது சொல்லாது. ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். வண்ணார்பேட்டையில் பணிபுரிபவர்களைச் சேரன்மகாதேவி வயல்களில் வேலை செய்பவர்களோடு ஒப்பிடுவதானால், வெற்றிலை பாக்கும் புகையிலையும் போடுபவர்களை இரு பக்கத்திலும் தனியே பிரித்துவிட வேண்டும். பாக்கும் புகையிலையும் தாமாகவே நுண்கருக்களைக் கூட்டிவிடும்.