செய்நிரல்: அந்தச் ‘செய்’ ஏன்?

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாலை வகுப்பொன்றில் கணினி கற்பிக்கிறேன். ஒரு நாள், “நிரலை முழுதாக அழித்துவிடுங்கள், புதிதாக எழுதலாம்” என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். பின்வாங்கிலிருந்த மாணவி திறந்து வைத்திருந்த விரிதாளில் பி நிரலைத் தெரிவு செய்து அழித்தேவிட்டாள். அரை மணி நேரமாக அவள் தட்டிய புள்ளிகள் போயின. நான் சொன்னது புரோகிராமை. அவள் அழித்தது அவள் படித்த நிரலை.

பிழை என்னுடையது. இலங்கைப் பாடநூலில் கிடையாக ஓடுவது நிரை, நிலைக்குத்தாக இறங்குவது நிரல். கணிதத்தில் எண்களை அடுக்கும் தாயம் படிக்கும்போதும் அப்படித்தான், விரிதாளிலும் அப்படித்தான். தமிழ்நாட்டு நூல்களையும் இணையத்தையும் படித்த பழக்கத்தில் புரோகிராமை ‘நிரல்’ என்று சுருக்கிச் சொன்னவன் நான். நம் பாடநூல் அதைச் ‘செய்நிரல்’ என்கிறது. புரோகிராம் எழுதுவது செய்நிரலாக்கம். அந்த ஒற்றை ‘செய்’ எதற்கு, வாய் வலிக்கவா என்று முன்பெல்லாம் நினைத்ததுண்டு. இப்போது நினைப்பதில்லை.

புரோகிராம் கிரேக்கத்தில் பிறந்த சொல். ‘புரோ’ என்றால் முன், ‘கிராஃபெயின்’ என்றால் எழுதுதல். ஊரார் பார்க்க முன்கூட்டியே எழுதி வைத்த பொது அறிவித்தலே ‘புரோகிராமா’. இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, கச்சேரியில் எதற்குப் பின் எது என்று சொல்லும் தாளுக்குப் பெயரானது. 1940களில் கணினிக்குக் கொடுக்கும் கட்டளை வரிசைக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பிரித்தானிய எழுத்துக்கூட்டலில் நிகழ்ச்சிக்கு உரிய சொல்லை விடக் கணினிக்கு உரியதில் இரண்டு எழுத்து குறைவு. அவர்களுக்கும் இரண்டையும் பிரித்துக்காட்ட ஏதோ ஒன்று தேவைப்பட்டிருக்கிறது.

தமிழில் அந்தக் கச்சேரித் தாளுக்கு நாம் ஏற்கெனவே வைத்திருந்த பெயர் ‘நிகழ்ச்சி நிரல்’. பரிசளிப்பு விழா அழைப்பிதழின் உள்பக்கத்தில், மங்கள விளக்கேற்றல் தொடங்கி நன்றியுரை வரை இறங்கும் பட்டியலுக்கு மேலே அதைத்தான் அச்சிடுகிறோம். ஆகவே கணினிக்குச் சொல் தேடியவர்கள் நெடுந்தூரம் போகவேண்டியிருக்கவில்லை. நிகழ்ச்சிகளின் நிரல் நிகழ்ச்சி நிரல் என்றால், செய்ய வேண்டியவற்றின் நிரல் செய்நிரல்.

நிரல் என்பது வரிசை, ஒழுங்கு. அதன் உடன்பிறப்பு நிரை. ஆநிரை, யாப்பில் வரும் நிரையசை என்று ஏட்டில் படிப்பதோடு நின்றுவிட்ட சொல் அல்ல அது, எங்கள் மலையில் இன்றும் வேலை செய்கிற சொல். காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து மலைக்கு ஏறியதும் கொழுந்து எடுக்க ஆளுக்கு ஒரு நிரை. “என் நிரையில் ஏன் கை வைக்கிறாய்?” என்ற சண்டையைக் கேட்காத தேயிலை மலை இருக்காது. வரிசையில் எனக்குரிய இடம் எது, உனக்குரிய இடம் எது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டிய பிள்ளைகள் அல்லர் இவர்கள்.

இலக்கணத்திலும் இந்த நிரல் ஒரு காரியம் செய்கிறது. நிரல்நிறை என்ற பொருள்கோளுக்கு எல்லா ஆசிரியர்களும் எடுத்துக்காட்டும் குறள் இது:

அன்பும் அறனும் உடைத்தாயின் இல்வாழ்க்கை
பண்பும் பயனும் அது.

அன்பு பண்போடும் அறன் பயனோடும் போய்ச் சேர்வது, நின்ற இடத்தை வைத்துத்தான். உயர்தரத்தில் நம் மாணவர்கள் படிக்கும் பைதன், கீடோ வான் ரோசம் 1991இல் வெளியிட்ட கணினி மொழி. பெறுமானத்தைப் போட்டு வைக்கும் இடங்களான மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்க அதன் மூன்றாம் பதிப்பு இடம் கொடுக்கிறது. அதில் இப்படி ஒரு வரி எழுதலாம்:

பண்பு, பயன் = அன்பு, அறன்

அன்பில் உள்ள பெறுமானம் பண்புக்கும், அறனில் உள்ளது பயனுக்கும் போகும். இடம் மாற்றி எழுதினால் பொருளும் மாறிப் போகும். தமிழ்ப் பாடவேளையில் நிரல்நிறையைக் கேட்டுக் கொட்டாவி விட்டவர்கள் இந்த வரியைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இனி அந்தச் ‘செய்’. செய்நிரல் ஒரு வினைத்தொகை. செய்த நிரல், செய்கின்ற நிரல், செய்யும் நிரல் என மூன்று காலமும் அதற்குள் மறைந்திருக்கின்றன. நேற்று எழுதியது, இன்று ஓடுகிறது, நாளையும் அதையே செய்யும். இதைச் சூட்டியவர்கள் இவ்வளவு யோசித்தார்களோ இல்லையோ, சொல் பொருந்திவிட்டது. ‘கட்டளைத் தொடர்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். தவறில்லை, ஆனால் அதிலிருந்து செய்நிரலாக்கம் போல இன்னொரு சொல்லை ஆக்கிப் பாருங்கள், நாக்குச் சுளுக்கும்.

வரிசைதான் இதற்கு உயிர் என்பதை எழில் மொழியில் காட்டுகிறேன். முத்து அண்ணாமலை உருவாக்கிய அந்த மொழியில் கட்டளைச் சொற்களே தமிழ். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குச் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் பதிவு ‘பேர்’. குறித்த கிலோ வராவிட்டால் ‘அரைப் பேர்’. அளவு தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும், இங்கே 18 என்று வைத்துக்கொள்வோம்.

கிலோ = 19
கிலோ = கிலோ - 2
@( கிலோ >= 18 ) ஆனால்
    பதிப்பி "முழுப் பேர்"
இல்லை
    பதிப்பி "அரைப் பேர்"
முடி

‘கிலோ’ ஒரு மாறி. ‘ஆனால்’ என்பது இங்கே நிபந்தனை உண்மையானால் என்று பொருள்படும். இரண்டாவது வரியைக் கணித வாத்தியார் பார்த்தால் அடித்துவிடுவார். ஓர் எண் தன்னிலும் இரண்டு குறைந்த எண்ணுக்கு எப்படிச் சமனாகும்? இங்கே அந்தக் குறி சமன் என்று சொல்லவில்லை. வலப்பக்கத்தைக் கணித்து இடப்பக்கத்தில் போடு என்கிறது. தராசடியில் நின்ற எவருக்கும் இது புதிதல்ல. சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு கிலோ கழிவு, 19 எடுத்தவளின் கணக்கில் 17. என் அம்மாவின் கொழுந்தும் அப்படித்தான் குறைந்தது. எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம்.

‘முடி’ என்பதை எழுத மறந்தால் அது தொடரியல் வழு. கணினி ஓட மறுக்கும், தவறு உடனே தெரிந்துவிடும். பைதனில் ‘முடி’க்கு நிகரான சொல்லே கிடையாது. நிபந்தனை வரியை முக்காற்புள்ளியில் நிறுத்தி, அடுத்த வரிகளை உள்ளே தள்ளி எழுதினால் போதும். அதற்கு இடைவெளியும் இலக்கணம். ஒரே வரிகளைத் திரும்பத் திரும்பச் செய்யும் மீள்செயலுக்கும் அதே ஒழுங்குதான்.

பொல்லாதது தர்க்க வழு. மேலே உள்ள இரண்டாவது வரியைத் தூக்கி ‘முடி’க்குக் கீழே வையுங்கள். ஒரு சொல்லும் மாறவில்லை, இலக்கணமும் கெடவில்லை. ஆனால் 19 கிலோ முதலில் சோதிக்கப்பட்டு முழுப் பேர் விழுந்துவிடும், கழிவு அதற்குப் பிறகுதான். வரிகள் அவையே, நிரல் வேறு, சம்பளம் வேறு.

பி நிரலை அழித்த அதே மாணவி இரண்டு வடிவத்தையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனாள். மறுநாள் வந்து, “சேர், அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்” என்றாள்.

“என்ன சொன்னார்?”

“இரண்டாவதுதான் நல்லது, ஆனால் அது எந்த மலையிலும் ஓடாது என்றார்.”