ஈஸ்ட் கொஞ்சம், சுவர் நிறைய: நொதிப் பெட்டியின் வெப்பக் கணக்கு

"வீட்டிலேயே பீர் காய்ச்சிப் பழகுகிறேன். வெயில் ஏறினால் சுவை கெட்டுப்போகிறது. வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்க ஒரு பெட்டி செய்ய வேண்டும், கையில் காசு அதிகமில்லை. பெல்டியர் தகடு (மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளிர்ந்து மறு பக்கம் சூடாகும் சின்னத் தகடு) வாங்கிப் பொருத்தலாமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் காய்ச்ச அனுமதி உண்டா இல்லையா என்பது அவரவர் நாட்டுச் சட்டம். நான் இயற்பியலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பெல்டியர் வேண்டாம். அந்தச் சின்னத் தகடுகள் பெரும்பாலும், தாம் இழுக்கும் மின்சாரத்தின் அளவுக்குக்கூட உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியேற்றுவதில்லை. அந்தக் காசுக்குத் தெர்மாகோல் வாங்குங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும் என்பது பள்ளிப் பாடம். கூடவே வெப்பமும் வரும். பீரில் ஏல், லாகர் என்று இரு பெரும் வகைகள் உண்டு. ஏல் வகை ஈஸ்ட்டுக்குப் பொதுவாக 18 முதல் 22 டிகிரி செல்சியஸ் ஒத்துவரும்; லாகர் வகைக்கு 8 முதல் 13. அதற்கு மேல் போனால் எஸ்டர்கள் எனும் வாசனைச் சேர்மங்களும் கனத்த ஆல்கஹால்களும் அளவுக்கு மீறி உருவாகி, பீரில் வார்னிஷ் நெடி ஏறும். இந்தக் கேடு பெரும்பாலும் ஈஸ்ட் பெருகும் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும்.

இப்போது கணக்கு. ஒரு கிராம் சர்க்கரை நொதித்தால் ஏறக்குறைய 0.6 கிலோஜூல் வெப்பம் வரும். 20 லிட்டர் சாதாரண பீரில் சுமார் 1.6 கிலோ சர்க்கரை கரையும். மொத்தம் 950 கிலோஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். துளி வெப்பமும் வெளியேறாமல் அடைத்து வைத்தால் இந்த வெப்பம் 20 லிட்டரை 11 டிகிரி வரை ஏற்றிவிடும். ஆனால் அது பல நாட்களில் பரவி வருகிறது. உச்ச வேகத்தில்கூடச் சில வாட்தான் தேறும். சின்ன எல்இடி பல்பு ஒன்று இழுக்கும் மின்சாரம் அவ்வளவு இருக்கும்.

சுவரைப் பாருங்கள். 60 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரத்தில் ஒரு பெட்டி, 5 செ.மீ. கனத் தெர்மாகோல். உள்ளே 20 டிகிரி, வெளியே 30. அந்தச் சுவர்கள் வழியாக ஏறக்குறைய 20 வாட் வெப்பம் உள்ளே கசிந்துகொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 1,700 கிலோஜூல்! ஈஸ்ட் தன் வேலை முழுவதிலும் தரும் வெப்பத்தைப்போல ஏறத்தாழ இரு மடங்கைச் சுவர் ஒரே நாளில் உள்ளே விட்டுவிடுகிறது. குளிர்விக்கும் கருவியைத் தேடி அலைபவர்கள் பார்க்க மறப்பது இதைத்தான். தெர்மாகோலின் கனத்தை இரட்டித்தால் கசிவு பாதியாகும். பலகைகள் சேரும் மூலைகளில் இடைவெளி விட்டால் அந்த லாபம் காற்றோடு போகும். டேப் ஒட்டுவதில் கஞ்சத்தனம் கூடாது.

உள்ளே வரும் வெப்பத்தை வாங்கிக்கொள்ளப் பனிக்கட்டி போதும். 2 லிட்டர் பாட்டிலில் உறைந்த நீர் உருகும்போது மட்டும் 668 கிலோஜூல் உறிஞ்சும். உருகிய நீர் 20 டிகிரிக்கு ஏறும்போது இன்னொரு 167. ஆக, மேலே சொன்ன பெட்டிக்கு ஒரு நாளைக்கு இரண்டு பாட்டில். பெட்டியை நடுவே ஒரு பலகையால் தடுத்து, ஒரு பக்கம் பாட்டில்கள், மறு பக்கம் நொதிக்கலம். தடுப்பில் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் மின்விசிறி ஒன்று, காற்று திரும்பி வர இன்னொரு துளை. சென்சார் காட்டும் வெப்பநிலையைப் பார்த்து மின்சாரத்தை விடவும் நிறுத்தவும் செய்யும் தெர்மோஸ்டாட் சொல்லும்போது மட்டும் விசிறி சுழலும். உறையும்போது நீர் 9 சதவீதம் விரியும் என்பதால் பாட்டிலைத் தளும்ப நிரப்பாதீர்கள்.

குளிர்பதனத்துக்கே பீர்க்காரர்கள்தான் காசு போட்டார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கோடையில் காய்ச்சினால் கெடுகிறது என்று பவேரியாவில் 1553-இல் ஏப்ரல் 23 முதல் செப்டம்பர் 29 வரை காய்ச்சவே தடை போட்டார்கள். 1870-களில் கார்ல் வான் லிண்டேயின் குளிரூட்டும் இயந்திரம் மியூனிக் நகரின் ஸ்பாட்டன் மதுவாலையில்தான் சோதித்துப் பார்க்கப்பட்டது. டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனம் 1875-இல் தொடங்கிய ஆய்வகத்தில் 1883-இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் தூய ஈஸ்ட்டைப் பிரித்தெடுத்தார். 1909-இல் அங்கேதான் வேதியியலாளர் சோரன்சன் அமில, காரத்தன்மையை அளக்கும் பிஎச் அளவுகோலை வகுத்தார். இன்றைக்குப் பிஎச் இல்லாமல் மருத்துவமும் இல்லை, மண் பரிசோதனையும் இல்லை. "இதனால் அடுத்த வருஷம் என்ன லாபம்?" என்று கேட்டே விண்ணப்பங்களைக் கழிக்கும் நிதிக் குழுக்கள் இந்தக் கதையைச் சுவரில் ஒட்டிவைக்கலாம்.

எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன்: சென்சாரை எங்கே வைப்பது? பெட்டிக்குள் இருக்கும் காற்றின் எடை அரைக் கிலோகூட இராது. அதை ஒரு டிகிரி மாற்ற அரைக் கிலோஜூலுக்கும் குறைவாகவே போதும். 20 லிட்டர் திரவத்துக்கோ 84 கிலோஜூல் வேண்டும். ஒன்று நொடியில் மனம் மாறுவது, மற்றது மணிக்கணக்கில் யோசிப்பது. சென்சாரைக் காற்றில் தொங்கவிட்டால், விசிறி ஓடிய சற்று நேரத்தில் "குளிர்ந்துவிட்டது" என்று தெர்மோஸ்டாட் நிறுத்திவிடும். கொஞ்சத்தில் மறுபடி ஓட்டும். காற்று 20-இல் இருக்க, நொதிக்கும் திரவம் தன் சொந்தச் சூட்டில் 23-இல் நிற்கும். திரையில் தெரியும் எண்ணை நம்பி நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். சரி, திரவத்தின் நடுவிலேயே வைத்தால்? அது குளிர்ந்தேன் என்று சொல்வதற்குள் சுற்றியுள்ள காற்று உறைநிலையை நெருங்கியிருக்கும். நிறுத்திய பிறகும் அந்தக் குளிர் உள்ளே இறங்கிக்கொண்டே போய், இலக்கைத் தாண்டிவிடும். பழைய ஃப்ரிட்ஜை நொதிப் பெட்டியாக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. கலத்தின் வெளிப்பக்கம், திரவ மட்டத்துக்குக் கீழே, சென்சாரை ஒட்டி, அதன்மேல் கைக்குட்டை அளவு ஸ்பாஞ்ச் வைத்துக் கட்டிவிடுங்கள். ஸ்பாஞ்ச் காற்றை மறைக்கிறது. கலத்தின் சுவர் திரவத்தின் செய்தியைத் தருகிறது. கொஞ்சம் காற்றின் குளிரும் கசிந்து வருவதால் இலக்கைத் தாண்டும் முன்பே தெர்மோஸ்டாட் சுதாரித்துக்கொள்ளும். கட்டுப்பாட்டுப் பொறியாளர்கள் சமன்பாடு போட்டுச் செய்வதை ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஓரளவுக்குச் செய்துவிடுகிறது. தெர்மோஸ்டாட்டில் விசிறி ஓடும் எண்ணுக்கும் நிற்கும் எண்ணுக்கும் நடுவே ஒரு டிகிரி இடைவெளி விட்டால் போதும். அதைவிட நெருக்கிப் பிடிப்பதால் ஈஸ்ட்டுக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஃப்ரிட்ஜ் கிடைத்தால் பனிக்கட்டி வேலை மிச்சம். பக்கச் சுவரில் துளை போடாதீர்கள், உள்ளே குளிர்பதன வாயுக் குழாய்கள் ஓடலாம். சென்சார் கம்பியைக் கதவு ரப்பர் வழியாகவே விடலாம். கம்ப்ரஸர் நின்ற பிறகு மூன்று முதல் ஐந்து நிமிடத் தாமதம் வையுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அழுத்தம் சமனாகாமல் அது மறுபடி கிளம்பத் திணறும். கலத்தை இறுக மூடாதீர்கள், வாயுவை வெளியே விட்டு வெளிக்காற்றை உள்ளே விடாத ஏர்லாக் வேண்டும்: 1.6 கிலோ சர்க்கரையிலிருந்து 400 லிட்டருக்கும் மேல் கரியமில வாயு வரும், அது பல வீட்டு ஃப்ரிட்ஜ்களின் கொள்ளளவைவிட அதிகம். கதவைத் திறந்தவுடன் தலையை உள்ளே விட வேண்டாம். அறையிலும் காற்றோட்டம் இருக்கட்டும்.

நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பநிலையை இரண்டு மூன்று டிகிரி ஏற்றினால், வெண்ணெய் வாசம் தரும் டைஅசிட்டைலை ஈஸ்ட் திரும்ப எடுத்துக்கொள்ளும். இதற்குத் தனியாக ஹீட்டர் தேவையில்லை. தெர்மோஸ்டாட்டில் எண்ணை ஏற்றிவிட்டுப் பாட்டில் மாற்றுவதை நிறுத்துங்கள், வெளியே சூடாக இருந்தால் மீதியைச் சுவர் பார்த்துக்கொள்ளும். முடிந்ததா என்று குமிழி ஜோதிடம் பார்க்காதீர்கள். ஏர்லாக்கில் குமிழி நின்றால் மூடி கசிகிறது என்றும் அர்த்தம் இருக்கலாம். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஒரே எண் வந்தால்தான் பாட்டிலில் அடைக்கலாம்.