இறங்கும் சுவிட்சும் கறுப்பு டேப்பும்

நிபோங் திபால், சுங்கை பக்காப் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகளுக்கும் தோட்டத்துப் பட்டறைகளுக்கும் வயரிங் வேலையாகச் சென்று வரும் எனக்கு, சுவிட்ச் பெட்டியைத் திறந்ததும் அடிக்கடி கண்ணில் படுவது ஒன்றுதான்: ஆர்சிசிபிக்குள் (மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) நுழைய வேண்டிய கம்பிகள், வெளியேற வேண்டிய கம்பிகளோடு நேரடியாக முறுக்கப்பட்டு, மேலே கறுப்பு டேப் சுற்றப்பட்டிருக்கும். கேட்டால், "இடி இடித்தாலே சுவிட்ச் ட்ரிப் ஆகி இறங்கிவிடுகிறது ஐயா, காற்றாடி நின்றால் கோழிகளுக்கு யார் பதில் சொல்வது?" என்பார்கள். கவலை நியாயமானதே, மூடிய கொட்டகையில் காற்றோட்டம் நின்றால் கோழிகள் கூட்டமாக மடியும். ஆனால் அதற்குக் கண்ட பரிகாரம் ஆளைக் கொல்லக்கூடியது.

எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் இறங்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்பது அடுத்த சமாதானம். எம்சிபி காப்பது கம்பியை, மனிதரை அல்ல. மலேசியாவில் பெரும்பாலான வளாகங்களுக்கு எர்த் (கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் இணைப்பு) என்பது அங்கேயே மண்ணில் அடித்த உலோக ராட்தான். அதன் தடை 10 ஓம் என்றே வைத்துக்கொண்டாலும், பழுதான பம்ப்பிலிருந்து 230 வோல்ட்டில் மண்ணுக்குக் கசிவது 23 ஆம்பியரைத் தாண்டாது. 32 ஆம்பியர் எம்சிபி அசையாது. பம்ப்பின் இரும்பு உடல் மின்சாரத்தோடேயே இருக்கும். ஈரத் தரையில் வெறுங்காலோடு அதைத் தொடுபவரின் உடல் தடை 1,000 ஓம் என்றால், அவர் வழியே ஏறக்குறைய 230 மில்லியாம்பியர் பாயலாம். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். அந்த அளவு கசிவுக்கு, ஒழுங்காக வேலை செய்யும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி 0.04 விநாடிக்குள் இணைப்பைத் துண்டித்துவிடும்.

1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் கையில் பிடித்து இயக்கும் கருவிகளுக்கு 30, ஈரத் தரையுள்ள இடங்களுக்கு 10, மற்றவற்றுக்கு 100 மில்லியாம்பியர் என்று, ஆர்சிசிபி இறங்க வேண்டிய கசிவின் உச்ச அளவை வரையறுத்துள்ளன. பட்டறையில் கிரைண்டர் பிடிப்பவருக்கு, மெயினில் உள்ள 100 மில்லியாம்பியர் ஆர்சிசிபி மட்டும் போதாது.

இடிக்குப் பின் ஆர்சிசிபி ஒருமுறை இறங்கினால் ஏற்றிவிடலாம். மீண்டும் இறங்கினால் எல்லா எம்சிபியையும் அணைத்து, பிளக்குகளைக் கழற்றி, ஆர்சிசிபியை ஏற்றியபின் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதைப் போடும்போது இறங்குகிறதோ, கசிவு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். (பாதி நேரம் கூரை ஒழுகும் இடத்து பிளக் பாயின்ட்டாகவே இருக்கும்.) காற்றாடிக்கும் பம்ப்புக்கும் தனித்தனி ஆர்சிசிபி வைத்து, மின்னல் தடுப்புக் கருவியும் பொருத்தினால், ஒரு பம்ப் கெட்டதற்காகக் கொட்டகை முழுவதும் நிற்காது.

மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் 'டி' (டெஸ்ட்) பொத்தானை அழுத்துங்கள். இறங்காவிட்டால் மாற்றச் சொல்லுங்கள். எர்த் ராட்டின் நிலையை அந்தப் பொத்தான் காட்டாது. அதை உரிமம் பெற்ற வயர்மேன் மீட்டர் வைத்துத்தான் அளக்க வேண்டும்.