சார்பு என்று எழுதாதீர்கள், அது கோட்டம்

போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு பயிற்சிக் கூட்டம். வேலைக்கு ஆளெடுப்பவர்களுக்கும் கல்லூரிச் சேர்க்கையைப் பார்ப்பவர்களுக்கும் சேர்த்து நடத்தினார்கள். கொடுத்த தாளின் முதல் வரி: "பணியமர்த்துவோர் தங்கள் மயக்கநிலைச் சார்புகளைக் களைய வேண்டும்." பக்கத்தில் இருந்த அண்ணாச்சி பல வருஷம் கடைக்கு ஆளெடுத்துப் பழகியவர். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது யாரு சார்புல பேசுதாவ?" என்று என்னிடம் கேட்டார். அவர் கேட்டது நியாயம். தாளில் சொல்ல வந்தது 'அன்கான்ஷியஸ் பயாஸ்' (unconscious bias), அதாவது தனக்கே தெரியாமல் மனசு ஒரு பக்கமாகச் சாய்வது. பயாஸ் என்றாலே 'சார்பு' என்று போடுவதை எத்தனையோ இடத்தில் பார்த்துச் சும்மா இருந்துவிட்டேன். இனி முடியாது.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பயாஸ் என்பது பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சாய்வு, குறுக்குச் சரிவு என்று பொருள். புல்தரையில் பந்து உருட்டும் விளையாட்டில், நேராக உருட்டினாலும் ஒரு பக்கமாக வளைந்து போகும்படி செய்த பந்தின் குணத்துக்கும் இதே பெயர். கூடவே வரும் பிரெஜுடிஸ் (prejudice), லத்தீனில் முன் + தீர்ப்பு. அதற்கு 'முன்முடிவு' சரியாகவே பொருந்துகிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை.

சண்டை சார்போடுதான். சார்தல் என்றால் அண்டுதல், ஒன்றைப் பற்றி நிற்றல். சார்பெழுத்து, மதச்சார்பின்மை, 'அரசின் சார்பில் மாலை அணிவித்தார்', பதினோராம் வகுப்புக் கணக்கில் வரும் சார்பு என்று இந்தச் சொல் ஏற்கெனவே நாலு வேலை பார்க்கிறது. எந்த வேலையிலும் அதற்குக் கெட்ட பெயர் கிடையாது. ஒருவர் தொழிலாளர் சார்பாக நிற்கிறார் என்றால் அது பெருமை. அப்படிப்பட்ட சொல்லைக் கொண்டுபோய், பெயரையும் ஊரையும் பார்த்து ஒருவனைத் தள்ளும் மனசுக்கு வைத்தால், குற்றம் வெறும் விருப்பமாகிவிடுகிறது. 'அவருக்கு ஒரு சார்பு உண்டு' என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம்.

என் அக்கா மகன் ஒரு கடை வேலைக்குப் போனான். படிப்பு பற்றி ஒரு கேள்வி. அப்புறம் "எந்த ஊரு?" சொன்னான். "ஊர்ல எந்தத் தெரு?" அதையும் சொன்னான். "சரி, சொல்லி அனுப்புதோம்." எங்கள் பக்கத்தில் தெருப்பெயர் எதைச் சொல்லும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கேட்டவர் யாரையும் சார்ந்து நிற்கவில்லை. தெருவைக் கேட்டதுமே அவர் கையிலிருந்த தராசு சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியானால் பாரபட்சம் போதாதா என்பார்கள். பட்சம் வடசொல், பக்கம் என்று பொருள். வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை, ஊரில் எல்லாருக்கும் புரிகிற சொல். ஆனால் பாரபட்சம் 'காட்டுவது'. எங்கள் ஆச்சிமார் சொல்லும் ஓரவஞ்சனையும் 'செய்வது'. இரண்டும் வெளியே தெரியும் செயலுக்குப் பெயர். செயலுக்கு முன்னால் உள்ளே இருக்கும் வளைவுக்குப் பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் குறளில் இருக்கிறது. நடுவுநிலைமை அதிகாரத்தில், "சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்" (119). கோடுதல் என்றால் வளைதல், கோட்டம் என்றால் வளைவு. சொல்லில் வருவது ஒன்று, உள்ளத்தில் இருப்பது ஒன்று என்று பிரித்தே வைத்திருக்கிறார். பிரெஞ்சுச் சாய்வும் இதுவும் ஒரே படம்.

ஒரு சிக்கல் உண்டு, மறைக்கக் கூடாது. அம்பாசமுத்திரம் உட்கோட்டம், நாங்குநேரி உட்கோட்டம் என்று காவல்துறைப் பிரிவுகளுக்கு அந்தச் சொல் போய்விட்டது. 'உட்கோட்டத்தைக் களைய வேண்டும்' என்று எழுதினால் டிஎஸ்பி ஆபீஸை மூடச் சொல்வதாகத்தான் இங்கே படிப்பார்கள். அதனால் மனக்கோட்டம் என்கிறேன். பழைய சொல், குழப்பமும் இல்லை. தனக்கே தெரியாமல் இருப்பதைச் சொல்ல வேண்டுமா? தானறியாக் கோட்டம். மயக்கத்தை ஏன் இதற்குள் இழுக்க வேண்டும்?

கல்விக்கும் இந்தப் படம் புதிதல்ல. நன்னூல் நல்லாசிரியருக்குத் துலாக்கோலை உவமை சொல்கிறது, ஆகாத ஆசிரியருக்கு முடத்தெங்கை. முடத்தெங்கு என்பது கோணிய தென்னை. வாய்க்காலடியில் ஒருவர் தண்ணீர் ஊற்றி வளர்ப்பார், அது வேலிக்கு மேல் சாய்ந்து அடுத்தவர் தோட்டத்தில் காயைப் போடும். அந்த மரத்தைப் பார்த்து யாராவது 'சார்புத் தென்னை' என்பார்களா?

சேரன்மாதேவி குருகுலத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டு விடுதலைக்காகப் பிரான்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் பல ஆண்டு மறைந்து வாழ்ந்த வ.வே.சு. ஐயர் நடத்தியது. தேசியக் கல்விக்கென்று தொடங்கிய அந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டது 1924, 1925-இல் தமிழ்நாட்டையே கலக்கிய சண்டையானது. நாட்டு விஷயத்தில் அவ்வளவு நேராக நின்றவர் பந்தி விஷயத்தில் கோடினார். அதைச் சார்பு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். இன்றைக்குப் பள்ளிப் பையன்கள் கையில் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டுகிறார்கள், 2023-இல் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வெட்டியதற்குப் பிறகு அரசு அமைத்த, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு குழு 2024-இல் அதைத் தடுக்கச் சொல்லியிருக்கிறது. அந்தக் கயிற்றைக் கண்டதும் வாத்தியார் மனசில் என்ன நடக்கிறதோ அதற்குத்தான் பெயர் தேடுகிறோம்.

மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, பக்கத்தில் இருப்பவரிடம் "என்ன புரியுது?" என்று கேட்டாலே பாதிப் பிழை போய்விடும். இப்படித்தான் உரிமையாக வந்த இடஒதுக்கீட்டைச் 'சலுகை' என்று எழுதி எழுதி, "சலுகையில வந்த பையன்" என்று ஒருவனை வகுப்பிலேயே சுட்டும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தாளில் 'மயக்கநிலைச் சார்புகளை' என்பதை அடித்துவிட்டு, 'தங்களுக்கே தெரியாத மனக்கோட்டத்தை' என்று எழுதி அண்ணாச்சியிடம் நீட்டினேன். படித்துவிட்டு, "தெருவைக் கேக்கதும் இதுலதான் வரும், என்னா?" என்றார்.