பிளாஸ்மா பேனாவால் கால்புண்ணைச் சுடாதீர்கள்

படுவான்கரையிலிருந்து எமது கிளினிக்குக்கு வந்த ஐயா ஒருவரின் வலது பெருவிரலின் கீழிருந்த புண்ணைச் சுற்றி, குண்டூசித் தலையளவில் கரிந்த புள்ளிகள் வரிசையாக இருந்தன. வெளிநாட்டிலிருந்து மகன் அனுப்பிய, மின்பொறியால் மச்சமும் மருவும் சுட்டு நீக்கும் பிளாஸ்மா பேனாவால், கிருமியைக் கொல்வதாக எண்ணி இரவுதோறும் சுட்டிருக்கிறார். நெடுநாள் சீனி வருத்தத்தால் பாதம் விறைத்துப்போயிருந்ததால் சூடுபட்டதே அவருக்குத் தெரியவில்லை. இப்படி வருபவர் இவர் ஒருவர் மட்டுமல்லர் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

புண்ணுக்குக் கொடுக்கப்படும் குளிர் பிளாஸ்மா சிகிச்சை உண்மையான மருத்துவம்தான். ஆர்கன் வாயுவையோ காற்றையோ பகுதியளவு அயனாக்கி, அதாவது மின்னேற்றம் பெறச்செய்து, 40 பாகை செல்சியஸ் அளவைத் தாண்டாமல் தோலின்மேல் செலுத்தும்போது, நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு மசியாத பற்றீரியாக்கள்கூட அழிகின்றன. ஜேர்மனியின் கின்பென் மெட் என்ற கருவி 2013 இல் ஐரோப்பிய மருத்துவ உபகரணச் சான்று பெற்றது.

மச்சமும் மருவும் நீக்கவென இணையத்தில் விற்கப்படும் பேனா அதுவன்று. முனைக்கும் தோலுக்கும் இடையே மின்பொறி பாய்ச்சித் தோலைக் கரிப்பதே அதன் வேலை. கால்புண்ணில் அது புதுப்புண்ணையே உண்டாக்கும்.

கிருமி செத்தால் புண் ஆறிவிடும் என்ற நம்பிக்கைதான் எனக்குப் பெரும் ஆற்றாமையைத் தருகிறது. குருதியோட்டம் குன்றிய பாதத்தில், சீனி கட்டுப்படாமல், புண்ணின்மேலேயே மிதித்து நடந்துகொண்டிருந்தால், மேற்பரப்பில் எத்தனை கிருமியைக் கொன்றாலும் புண் ஆறாது. எலும்பு வரை இறங்கிய தொற்றைப் பிளாஸ்மா எட்டவும் மாட்டாது. 2020 இல் வெளியான ஜேர்மனிய ஆய்வில், குளிர் பிளாஸ்மா பெற்ற நீரிழிவுக் கால்புண்கள் விரைவாகச் சுருங்கின. ஆனால் கிருமிகளின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்நோயாளர்களுக்கு வழமையான மருந்துகட்டலும் தொடர்ந்து நடந்தது என்பதை எவரும் சொல்வதில்லை.

வயலால் வந்ததும் காலைக் கழுவி, விரலிடுக்குகளைத் துடைத்து, உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் காட்டுங்கள். நண்பகலில் கொதிக்கும் கோயில் வீதியில் வெறுங்காலுடன் நடக்காதீர்கள், நேர்த்திக்கடன் என்றாலும் வேண்டாம். வெளிநாட்டுப் பிள்ளைகளே, தயவுசெய்து பேனா அனுப்பாதீர்கள். அந்தக் காசுக்குச் சீனி பார்க்கும் கருவியும் மெத்தென்ற செருப்பும் வாங்கிக் கொடுங்கள். புண்ணில் நாற்றமோ, சிவந்து பரவும் வீக்கமோ, காய்ச்சலோ கண்டால், கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.